மணியார்டர் வழிதவறினால் யார் பொறுப்பு? 1873, 1898 சட்டங்கள் சொன்ன பதில்

(திரையில்: பழைய மணியார்டர் படிவம் ஒன்றின் நெருக்கக் காட்சி)

1880ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் தேதி முதல், பிரிட்டிஷ் இந்தியாவில் ஊர்விட்டு ஊர் பணம் அனுப்பும் பொறுப்பு அரசுக் கருவூலங்களிடமிருந்து அஞ்சல் துறையின் கைக்கு மாறியது. அதுவரை அரசின் வழியாகப் பணம் அனுப்ப விரும்பியவர் கருவூலத்துக்குப் போய் காட்டினால் பணம் தரும்படி சொல்லும், உண்டியல் போன்ற ஒரு பத்திரத்தை வாங்கிக் கடிதத்தில் வைத்து அனுப்ப வேண்டியிருந்தது. அதைப் பெற்றவரும் தம் பகுதியின் கருவூலத்தைத் தேடிப் போனால்தான் பணத்தைப் பார்க்க முடியும். அஞ்சலகம் இந்த வேலையை ஏற்ற பிறகு பணம் வீட்டு வாசலுக்கே வந்தது. பர்மாவிலும் இலங்கையிலும் மலாயாவிலும் உழைத்த தமிழர்கள் ஊருக்கு அனுப்பிய தொகைகளும், பிற்காலத்தில் தமிழ்நாட்டு அரசு வழங்கிய முதியோர் உதவித்தொகையும் தபால்காரரின் பையில் வந்து சேர்ந்தன.

இத்தனை கைகள் மாறிப் போகும் பணம் வழியில் காணாமல் போனாலோ, வேறொருவர் கையில் போய்ச் சேர்ந்தாலோ, அந்த இழப்பை யார் ஏற்பது? காலனி அரசு இதற்குக் கொடுத்த பதிலை 1898ஆம் ஆண்டின் இந்திய அஞ்சலகச் சட்டத்தில் மட்டும் தேடினால் பாதிதான் கிடைக்கும். அரசு ஊழியரின் வாக்குறுதியைப் பற்றிப் பேசிய 1873ஆம் ஆண்டின் இந்தியச் சத்தியப் பிரமாணச் சட்டத்தையும் அதன் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

(திரையில்: 1840, 1873 ஆகிய ஆண்டுகள்)

நீதிமன்றச் சத்தியங்களிலிருந்தே இந்த வரலாறு தொடங்குகிறது. கங்கை நீரின் மீதும் குர்ஆன் மீதும் சத்தியம் செய்யச் சொல்லி இந்துக்களையும் முஸ்லிம்களையும் கட்டாயப்படுத்துவது அவர்கள் மனத்துக்கு ஒவ்வாததாக இருக்கிறது, நீதி வழங்குவதற்கும் தடையாகிறது என்று முகவுரையிலேயே ஒப்புக்கொண்டு, 1840ஆம் ஆண்டின் 5ஆம் சட்டம் அவர்களுக்குச் சத்தியத்துக்குப் பதிலாக உறுதிமொழியை அனுமதித்தது. 1873ஆம் ஆண்டின் சட்டம் அதே வழியில் சென்று, சாட்சி இந்துவாகவோ முஸ்லிமாகவோ இருந்தால், அல்லது சத்தியம் செய்ய மறுப்புத் தெரிவித்தால், அவர் உறுதிமொழி மட்டும் எடுத்தால் போதும் என்றது. ஆனால் வழக்காடும் ஒரு தரப்பினர், தம் எதிரி இன்ன விதமாகச் சத்தியம் செய்து சொன்னால் அந்தச் சொல்லுக்குத் தாம் கட்டுப்படுவதாக முன்வந்தால், நீதிமன்றம் அதற்கு இடம் கொடுக்கலாம் என்றும், அப்படிச் சொல்லப்பட்ட சாட்சியமே முடிவான ஆதாரமாகும் என்றும் அதே சட்டம் கூறியது. கோயில் வாசலில் சூடம் ஏற்றி அடித்துச் சத்தியம் செய்து தகராறு தீர்த்த வழக்கத்தை அறிந்த நமக்கு இந்தப் பிரிவு அந்நியமாகத் தோன்றாது.

நம் கேள்விக்கு நேரடியாகத் தொடர்புடையது அந்தச் சட்டத்தின் 16ஆம் பிரிவு. ஒரு பதவிக்கு நியமிக்கப்படும் எவரையும், அந்தப் பதவியின் கடமைகளைத் தொடங்குவதற்கு முன் சத்தியம் செய்யும்படியோ, உறுதிமொழி கொடுக்கும்படியோ கேட்கக் கூடாது என்று அது விதித்தது. சில விலக்குகளைத் தவிர, பதவிப் பிரமாணம் என்பதே அங்கு ஒழிக்கப்பட்டது. பிரிட்டனிலும் 1868ஆம் ஆண்டில் ஒரு சட்டம் தேவையற்ற பதவிச் சத்தியங்களைக் குறைத்திருந்தது. ஆனால் இந்தியச் சட்டத்தின் வாசகம் அதைவிடத் துணிச்சலானது.

இந்தத் துணிச்சலுக்குப் பின்னால் ஒரு தெளிவான கணக்கு இருந்ததாக நான் கருதுகிறேன். 1860ஆம் ஆண்டிலேயே இந்தியத் தண்டனைச் சட்டம் வந்துவிட்டது. பொது ஊழியர் ஒருவர் தம்மை நம்பி ஒப்படைக்கப்பட்ட பணத்தில் மோசடி செய்தால், அதன் 409ஆம் பிரிவின்படி ஆயுள் தண்டனை வரை விதிக்கலாம். அஞ்சல் பொருளைத் திருடும் அல்லது மறைக்கும் ஊழியருக்கு ஏழாண்டு வரை சிறை என்று 1898ஆம் ஆண்டின் சட்டம் 52ஆம் பிரிவில் தனியாகவும் சொல்லியது. பணத்தைக் கையாளும் ஊழியர்களிடமிருந்து ஜாமீனும், அதாவது இழப்பு நேர்ந்தால் ஈடுகட்டுவதற்கான பிணையும், பெறப்பட்டது. தண்டனையும் ஜாமீனும் கையில் இருக்கும்போது, ஊழியரின் வாய்ச்சொல்லை அரசு நம்பியிருக்கத் தேவையில்லை.

(திரையில்: படிவத்தின் பகுதிகள் ஒவ்வொன்றாக ஒளியூட்டப்படுகின்றன)

சத்தியம் விட்டுச் சென்ற இடத்தை நிரப்பியது காகிதம். மணியார்டர் படிவத்தைக் கவனித்துப் பாருங்கள். விடுநர் தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதி, பெறுநரின் பெயரையும் முகவரியையும் நிரப்பி, தொகையோடு கமிஷனையும் சேர்த்துக் கட்டி ரசீது வாங்கிக்கொள்வார். படிவம் பெறுநரின் ஊர் அஞ்சலகத்துக்குப் போகும். அங்கே போஸ்ட் மாஸ்டர் தொகையைத் தபால்காரரிடம் எண்ணிக் கொடுப்பார். வாசலில் பணம் கொடுக்கப்படும்போது பெறுநர் கையெழுத்திட வேண்டும். எழுதத் தெரியாதவர் கைநாட்டு வைப்பார். அதற்குச் சாட்சியாக இன்னொருவர் கையெழுத்திடுவார். கையெழுத்தான ஒரு பகுதி அலுவலகக் கணக்குக்குப் போகும். ஒப்புதல் சீட்டு விடுநரிடமே திரும்பி வரும். நாலு வரி சேதி எழுதப்பட்ட கூப்பன் பெறுநரிடம் தங்கிவிடும். மகன் அனுப்பிய பணத்தை அம்மா பெற்றுக்கொண்டாள் என்பதற்குச் சான்றாக, அவளுடைய பெருவிரல் ரேகையே தூரத்து ஊரில் இருக்கும் மகன் கைக்குப் போய்ச் சேர்ந்தது. இந்த ஏற்பாட்டின் ஒழுங்கு என்னை இன்றும் வியக்க வைக்கிறது.

ஆனால் இந்த ஒழுங்கு குலையும் இடத்தில் சட்டம் யார் பக்கம் நின்றது என்பதைப் பார்க்கும்போது வியப்பு குறைந்துவிடுகிறது.

1898ஆம் ஆண்டின் அஞ்சலகச் சட்டத்தில் 43 முதல் 48 வரையிலான பிரிவுகள் மணியார்டரைப் பற்றியவை. பணம் பெறுநரிடம் சேராத வரை, அதைத் திருப்பித் தரும்படியோ வேறொருவருக்குக் கொடுக்கும்படியோ விடுநர் கேட்கலாம் என்கிறது 44ஆம் பிரிவு. ஆனால் இருவரையுமே கண்டுபிடிக்க முடியாமல், ஓராண்டுக்குள் யாரும் உரிமை கோராமலும் போனால், அந்தத் தொகையை அரசிடம் பிறகு கேட்க முடியாது.

47ஆம் பிரிவு, தவறான ஆளிடம் பணம் போய்ச் சேர்ந்த நிலையைப் பேசுகிறது. அந்த ஆள் தக்க காரணமின்றித் திருப்பித் தர மறுத்தால், காரணம் தக்கது என்று நிரூபிக்கும் சுமை அவருடையது. தொகையை நிலவரி பாக்கியைப் போல வசூலிக்கலாம். நிலவரி பாக்கி என்றால் என்ன என்பது சென்னை மாகாணத்துக் குடியானவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1864ஆம் ஆண்டின் சென்னை வருவாய் வசூல் சட்டத்தின்படி, அதற்காக அசையும் சொத்தும் அசையாச் சொத்தும் ஜப்தி செய்யப்படலாம். அஞ்சலக ஊழியர் ஆள் மாறிக் கொடுத்துவிட்ட சிறு தொகைக்கும் ஜப்தி வரை போகும் அதிகாரம் அரசுக்கு இருந்தது.

(திரையில்: 48ஆம் பிரிவு)

அதே தவறுக்காக விடுநர் அரசின் மீது வழக்குத் தொடுக்க முடியுமா? அடுத்த பிரிவு அந்தக் கதவை ஏறக்குறைய அடைத்துவிடுகிறது. பெயரையும் முகவரியையும் விடுநர் தவறாகவோ குறையாகவோ கொடுத்ததால் பணம் மாறிப் போயிருந்தால் வழக்கு இல்லை. குறையான விவரத்தைப் பொறுத்தவரை மட்டும், அதை ஏற்றுக்கொள்ள அஞ்சலகத்துக்கு நியாயமான காரணம் இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. ஊழியரின் தற்செயலான அலட்சியம், மறதி, பிழை ஆகியவற்றால் பணம் தாமதமானாலும் மறுக்கப்பட்டாலும் வழக்கு இல்லை. ஊழியர் மோசடி செய்திருந்தாலோ வேண்டுமென்றே தவறியிருந்தாலோ மட்டும் விலக்கு. மணியார்டர் அனுப்பி ஓராண்டு கடந்த பிறகு நிகழும் தவறான பட்டுவாடாவுக்கும் வழக்கு இல்லை. வெளிநாட்டு அஞ்சலகம் செய்த பிழைக்கும் இல்லை. ரங்கூனுக்கோ கொழும்புக்கோ போனவரின் குடும்பம் இருக்கும் ஊரில் ஒரே பெயரில் இரண்டு மூன்று பேர் இருப்பது சாதாரணம் என்பதை நினைத்துப் பார்த்தால், முகவரியின் பிழையை விடுநரின் தலையில் கட்டிய இந்த விதி எவ்வளவு கனமானது என்பது விளங்கும். எழுதப் படிக்கத் தெரியாமல், அஞ்சலக வாசலில் அமர்ந்து எழுதிக் கொடுப்பவரிடம் படிவத்தை நீட்டியவர், தாம் எழுதாத எழுத்துக்கும் பொறுப்பாளியானார்.

சுதந்திரத்துக்குப் பிறகும் இந்த அடிப்படை மாறவில்லை. பாகிஸ்தானுக்கு வி.பி.பி. மூலம் (பொருளைக் கொடுக்கும்போது பெறுநரிடம் அஞ்சலகம் விலையை வாங்கி அனுப்பியவருக்குச் சேர்க்கும் முறை) அனுப்பிய பொருள்களின் பணத்தைப் பற்றிய ஒரு வழக்கில், அஞ்சலகம் அனுப்புபவரின் முகவரும் அல்ல, சரக்கு ஏற்றிச் செல்லும் பொது நிறுவனமும் அல்ல, அது அரசின் பொதுச் சேவைகளில் ஒன்று என்று உச்ச நீதிமன்றம் விளக்கியது. ஒப்பந்தம் என்ற நிலையிலிருந்து பொறுப்பைக் கேட்க விரும்புபவருக்கு அந்த விளக்கம் இடம் தரவில்லை.

பதவிச் சத்தியமோ வேறு வடிவில் திரும்பி வந்தது. 1969ஆம் ஆண்டின் பிரமாணச் சட்டம் 1873ஆம் ஆண்டின் சட்டத்தை நீக்கியபோது, பழைய 16ஆம் பிரிவு அதில் இடம்பெறவில்லை. எதிரியின் சத்தியத்துக்குக் கட்டுப்படும் ஏற்பாடும் போய்விட்டது. மத்திய அரசு ஊழியர்கள் இன்று வேலையில் சேரும்போது அரசியலமைப்புக்கு விசுவாசமாக இருப்பதாக உறுதி எடுக்கிறார்கள்.

(திரையில்: 2023, 2024)

பழைய காகித மணியார்டர் 2015ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டு மின்னணு வடிவம் மட்டும் நீடித்தது. 1898ஆம் ஆண்டின் சட்டத்துக்குப் பதிலாக 2023ஆம் ஆண்டின் அஞ்சலகச் சட்டம் 2024 ஜூன் 18 அன்று நடைமுறைக்கு வந்தது. மணியார்டருக்கென்று தனி அத்தியாயம் அதில் இல்லை; சேவைகளின் விவரங்கள் விதிகளுக்கு விடப்பட்டுள்ளன. 52ஆம் பிரிவு போன்ற பழைய அஞ்சல் குற்றப் பிரிவுகளும் இப்போது இல்லை; பணமோசடி செய்யும் பொது ஊழியரை, இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 316ஆம் பிரிவின் கீழ்தான் தொடர வேண்டும். ஆனால் ஊழியர் மோசடி செய்தாலோ, வேண்டுமென்றே இழப்பையோ தாமதத்தையோ ஏற்படுத்தினாலோ தவிர அவர் பொறுப்பாக மாட்டார் என்ற பாதுகாப்பு, 10ஆம் பிரிவில் அப்படியே தொடர்கிறது.

பழைய சட்டத்தில் ஊழியருக்கு ஒரு பக்கம் பாதுகாப்பும் மறுபக்கம் கடுமையான தனித் தண்டனையும் இருந்தன. புதிய சட்டம் பாதுகாப்பை வைத்துக்கொண்டு தனித் தண்டனையை விட்டுவிட்டது. பணம் கட்டியவருக்கு எத்தனை நாளுக்குள் என்ன இழப்பீடு என்பதையாவது சேவை விதிகளில் திட்டவட்டமாக எழுதி வைக்க வேண்டும். நாடாளுமன்றத்தில் சட்டத்தைத் திருத்தாமலேயே மத்திய அரசால் அதைச் செய்ய முடியும்.