பழைய ரிவோல்வருக்குப் புளி போடாதீர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

கொழும்பு வெள்ளவத்தையில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் தாத்தா காலத்து வெப்ளி ரிவோல்வர் ஒன்று இருக்கிறது. அனுமதிப்பத்திரம் எல்லாம் ஒழுங்கு. நான் பார்க்க வருகிறேன் என்றதும், வீட்டுக்காரர் குத்துவிளக்கோடு சேர்த்து அதையும் புளி போட்டுத் துலக்கி வைத்துவிட்டார். வெள்ளியாக மினுங்கியது. எனக்கு நெஞ்சு கனத்துப் போனது.

அது 1915 இல் பிரித்தானியப் படை ஏற்றுக்கொண்ட ஆறாம் மார்க் வகை. பர்மிங்காமில் செய்தது. பட்டறையை விட்டு வரும்போது கருநீலமாக இருந்திருக்கும். அந்த நீலம் மேலே பூசியதல்ல. அந்தக் காலத்துத் துப்பாக்கிப் பட்டறைகளில் ஒரு முறை உண்டு: உருக்கில் அமிலக் கரைசல் தடவி, ஈரமான பெட்டிக்குள் வைத்து, வேண்டுமென்றே மெல்லிய கறள் பிடிக்க விடுவார்கள். பிறகு கொதிநீரில் அவிப்பார்கள். சிவப்புக் கறள் கறுப்பாக மாறும். மென்கம்பித் தூரிகையால் தேய்த்துவிட்டு, திரும்பவும் கறள், திரும்பவும் கொதிநீர். பல தடவை இப்படிச் செய்தால்தான் அந்த ஆழமான நிறம் வரும். ஆக, அதுவும் அடக்கி வைத்த கறள்தான். அதனால்தான் புளியோ தேசிக்காயோ வினாகிரியோ பட்டவுடன் கரைந்துபோகிறது.

புதிதாக நீலம் ஏற்றலாமா என்று அவர் கேட்டார். வேண்டாம் என்றேன். முதலில் சக்கரத்தில் பிடித்து மெருகிடுவார்கள். அரச உடைமையைக் காட்டும் அம்புக்குறி, சோதனை முத்திரைகள், தொடர் இலக்கம் எல்லாம் அதில் விளிம்பு மழுங்கிவிடும். நிறம் போன ஆயுதத்தில் முத்திரையாவது மிஞ்சட்டும்.

பளபளப்பில்லாத எல்லாமே கெட்டுப்போனது என்றும் நினைக்க வேண்டாம். இரண்டாம் உலகப் போர்க்கால ஸ்மித் அன் வெசன் 'விக்டரி' ரிவோல்வர்கள் பிறந்ததே மங்கலான நிறத்தில்தான், மெருகிட நேரமில்லை. என்ஃபீல்டு ரிவோல்வர்கள் பல, பின்னாளில் தொழிற்சாலைக்குத் திரும்பி, கறுப்புப் பெயின்ட் பூசிச் சூளையில் சுடப்பட்டு வந்தன. 'எஃப்.டி.ஆர்.' என்ற முத்திரை இருந்தால் அது முழுப் பழுதுபார்ப்பின் அடையாளம். அந்தப் பெயின்டும் அதன் வரலாறுதான், சுரண்டாதீர்கள்.

சரி, பராமரிப்பு. முதலில் தோட்டா அறைகள் ஆறும் வெறுமையா என்று கண்ணால் பாருங்கள். காற்றில் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினாலே உருக்குக்கு ஆபத்து. கொழும்பில் அது 80 இல் நிற்கும், கடலுப்பு வேறு. விரல் வியர்வையிலும் உப்புத்தான், எனவே பருத்திக் கையுறை போடுங்கள். மெல்லிய எண்ணெயைத் துணியில் தொட்டுத் துடைத்தால் போதும். பிடி மரத்தாலானது என்றால், வழிய விட்டால் ஊறிக் கெடும். நீண்ட காலம் வைப்பதென்றால் நூதனசாலைகளில் பாவிக்கும் நுண்படிக மெழுகு நல்லது. சின்னக் கறள் புள்ளிக்கு எண்ணெய் விட்டு, செப்புக் காசின் விளிம்பால் மெதுவாகச் சுரண்டலாம். செம்பு உருக்கை விட மென்மை. சாண்ட் பேப்பர் கிட்டவும் வரக்கூடாது.

அப்புறம், தோல் உறை. அழகாக இருக்கிறதென்று அதற்குள்ளேயே போட்டு வைப்பார்கள். தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும், பதனிட்ட அமிலமும் அதில் மிஞ்சியிருக்கும். வெள்ளவத்தை வீட்டு ரிவோல்வரை நான் அன்றே உறையிலிருந்து எடுத்து, மெழுகிட்டு, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகளோடு பூட்டுள்ள பெட்டியில் வைக்கச் சொன்னேன். உறை இப்போது பக்கத்துத் தட்டில் தனியாக இருக்கிறது.