வீதியோரம் கட்டின குதிரைக்குத் தண்ணீர் யார் வைப்பது?

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, வேலைகளுக்கு நடுவில் வந்திருக்கும் பிரதேச சபைத் தவிசாளர் அவர்களே, எங்கள் கால்நடை வைத்திய அதிகாரி அவர்களே (கன்று ஈன முடியாமல் மாடு கிடக்கிறதென்றால் நடுச்சாமத்திலும் ஓடி வருகிறவர், இதை மேடையில் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது), கோயில் பரிபாலன சபைப் பெரியோர்களே, கதிரை அடுக்கித் தந்த சனசமூக நிலையத்துப் பிள்ளைகளே, எல்லாருக்கும் வணக்கம்.

கயிறு, தண்ணீர், சட்டம். இந்த மூன்றையும் சொல்லத்தான் வந்தேன். மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு, படம் எடுக்க என்று குதிரையை வாடகைக்கு விடுகிறவர்கள் இப்போது எங்கள் பக்கமும் இருக்கிறார்கள். தொழில் செய்யட்டும், அதில் எனக்குக் கோபமில்லை. ஆனால் 'கொள்ளென்றால் வாயைத் திறக்கும், கடிவாளமென்றால் வாயை மூடும்' என்று குதிரையைச் சொல்கிறோமே, அது குதிரையைவிட எங்களுக்குத்தான் பொருந்தும். வாடகைக் காசென்றால் வாய் திறக்கிறது, பராமரிப்பென்றால் மூடிக்கொள்கிறது.

போன சித்திரை வெயிலில், பிரதான வீதியோரத்து வெறுங்காணியில் ஒரு வெள்ளைக் குதிரை நின்றது. மின்கம்பத்தில் கட்டியிருந்தார்கள். அது சுற்றிச் சுற்றி நடந்ததில் கயிறு கம்பத்தோடு சுருண்டு, தலையைக் குனியக்கூட இடமில்லை. எட்டிய புல்லையெல்லாம் வழித்துத் தின்று செம்பாட்டு மண் வட்டமாகத் தெரிந்தது, அந்த வட்டத்துக்குள் லன்ச் சீற்றும் சொப்பின் பையும். முன்காலில் நைலோன் கயிறு வெட்டின இடத்தில் இலையான். நான் சைக்கிளை விட்டு இறங்கிப் பார்த்துக்கொண்டு நிற்க, எதிர்வீட்டு ஆச்சி கிடுகு வேலிக்கு மேலால் எட்டி, "தம்பி, பாத்துக்கொண்டு நிண்டா தாகம் தீருமே? வாளியைப் பிடி!" என்றார். பிடித்தேன். முதல் வாளி போன வேகத்தைப் பார்த்து ஆச்சி பேசாமல் கிணற்றடிக்குத் திரும்பிப் போனார். இரண்டாவது வாளிக்குள் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் கூடிவிட்டார்கள், முச்சக்கரவண்டி அண்ணை ஒருவர் இறங்கிக் கயிற்றை அவிழ்த்து நிழலுக்குக் கொண்டுபோனார். மூன்றாவது வாளியும் முடிந்த பிறகுதான் குதிரைக்காரப் பெடியன் வந்தான். "காலமை தண்ணி வைச்சனான்" என்றான். ஆச்சி கேட்டது ஒரே கேள்வி: "நீ காலமை குடிச்சிட்டுப் பின்னேரம் வரைக்கும் வெயிலுக்க நிப்பியோ?"

வளர்ந்த குதிரைக்கு நாளுக்கு 25 முதல் 50 லீற்றர் தண்ணீர் வேண்டும். அதோடு அது மாடு மாதிரி இல்லை. மாடு மேய்ந்துவிட்டுப் படுத்து அசைபோடும், குதிரைக்கு உடம்புக்கு ஏற்ற இரைப்பை இல்லை, சின்னது. ஒரு நாளில் 16 மணித்தியாலம் வரை கொஞ்சம் கொஞ்சமாக மேய்கிற பிராணி அது. சத்தி எடுக்கவும் முடியாது. பழுதானதைத் தின்றால் உள்ளேயே கிடந்து வயிற்றுக்குத்தில் சாகவும் கூடும்.

நெடுந்தீவு மட்டக்குதிரைகளை நினைத்துப் பாருங்கள். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வழிவந்தவை, அவிழ்த்துவிட்டபடிதான் திரிகின்றன. அவையே கோடையில் தண்ணீருக்குத் தவிக்கின்றன. கட்டிப்போட்ட குதிரை எங்கே போய்த் தேடும்?

நான் எங்கே பேசினாலும் தொட்டிக் கதைக்கு வந்துவிடுவேன் என்பது உங்களுக்குத் தெரியும். ஆறில்லாத யாழ்ப்பாணத்தில், நிலத்தடித் தண்ணீரை நம்பி வாழ்ந்த எங்கள் ஆட்கள், வீதியோரம் கேணி வெட்டினார்கள், சுமைதாங்கி வைத்தார்கள், மாடு உடம்பு உரசுவதற்கென்றே ஆவுரோஞ்சிக்கல் நட்டார்கள், பக்கத்தில் தண்ணீர்த் தொட்டியும் கட்டினார்கள். வழிப்போக்கர் இளைப்பாறத் தெருவுக்கு மேலாலேயே கூரை போட்டுக் கட்டின பருத்தித்துறைத் தெருமூடிமடம் இன்னும் நிற்கிறது. வீதி அகலிக்கும்போது எத்தனை தொட்டியைப் புரட்டி மண்ணுக்குள் விட்டோம்! மிச்சமிருப்பதைத் துப்புரவாக்கித் தண்ணீர் விட்டால் குதிரைக்கும் ஆகும், ஆட்டுக்கும் ஆகும், கட்டாக்காலி மாட்டுக்கும் நாய்க்கும் ஆகும். தவிசாளர் ஐயா, குழாய் இணைப்பு மட்டும் தாருங்கள். தேர்தல் மேடையில் வாயைத் திறந்து, வேலையென்று வந்ததும் மூடுகிறவர் நீங்கள் இல்லை என்று நம்பித்தான் கேட்கிறேன். கொள்ளும் கடிவாளமும் சபைகளுக்கும் உண்டு.

சட்டத்தை விரிக்க நேரமில்லை. மிருகவதைச் சட்டம் 1907 இல் எழுதப்பட்டது, தண்டப்பணம் ஆகக்கூட 100 ரூபா என்று வைத்தார்கள். அதைத் தனியாக ஒரு நாள் பேசுவோம்.

குதிரை வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். காலில் நைலோன் கயிறு வேண்டாம், கம்பத்தில் கட்டவும் வேண்டாம், மத்தியானத்தில் நிழல் வேண்டும். மற்றவர்களுக்கு, வாசலில் ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். உங்கள் வீதியில் பழைய தொட்டியோ ஆவுரோஞ்சிக்கல்லோ இருந்தால், தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகும்போது இடத்தை எழுதிவிட்டுப் போங்கள். ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியோடு வருகிறோம்.