நாலு பேருக்கு ஒரே தாள்: நாலாம் வகுப்புல காகிதப் பாலம்

எல்லாருக்கும் வணக்கம். ஒரே தாள மடிச்சு எடை தாங்குற பாலம் கட்டுற குழு வேலைய வகுப்புல எப்படி நடத்துறதுன்னு ஆசிரியர்களுக்குச் சொல்றேன். மேசைல என்ன இருக்குன்னு முதல்ல பாத்துடுங்க. ஒரு ஏ4 தாள், 30 செ.மீ. ஸ்கேல் ஒண்ணு, பென்சில் ஒண்ணு, எட்டுப் பாடப்புத்தகம், பாதி உயரத்துக்கு வெட்டின டீ கப், ஹார்ட்வேர் கடைல வாங்கின ஒரே அளவு வாஷர் 40. ஆரம்பத்துல ஒரு குழுவுக்கு மொத்தமே இவ்வளவுதான். நாலு பேருக்கு நாலு தாள் குடுக்கலாமேன்னு தோணும். குடுத்துடாதீங்க. ஆளுக்கொரு தாள் வந்துட்டா நாலு பேரும் வட்டமா உக்காந்துக்கிட்டு அவங்கவங்க வேலையப் பாப்பாங்க. அதுக்குப் பேரு குழு வேலை இல்ல. தாள் ஒண்ணுதான்னு ஆனா பக்கத்துல இருக்கிறவங்ககிட்ட பேசித்தான் ஆகணும்.

நாலாவது, அஞ்சாவது பிள்ளைங்களுக்கு 40 நிமிஷப் பாடவேளை ஒண்ணுல முடியிற வேலை இது. முதல்ல வகுப்ப எட்டுக் குழுவா பிரிக்கணும். 30 பேர் இருந்தா நாலு பேர் குழு ஆறு, மூணு பேர் குழு ரெண்டு. அஞ்சு பேர் குழு வேண்டாம், அஞ்சாவது பிள்ளையோட கைக்கு வேலை இருக்காது. பழைய மாதக் காலண்டர்ல எட்டுப் படம் எடுத்து ஒவ்வொண்ணையும் நாலு துண்டா வெட்டிக்குங்க. மூணு பேர் குழுவுக்கு மூணு துண்டு. ஆளுக்கு ஒரு துண்டு குடுத்தா, படத்தச் சேத்துக்கிட்டே பிள்ளைங்க அவங்க குழுவக் கண்டுபிடிச்சுடுவாங்க.

இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. துண்ட குலுக்கிப் போடாதீங்க. ஒவ்வொரு படத்துலயும் இடது மேல் மூலைத் துண்டு நல்லா வாசிக்கிற பிள்ளைக்குப் போகட்டும். வலது கீழ்மூலை, வாசிக்கத் திணறுற பிள்ளைக்கு. பாக்கிறவங்களுக்கு சீட்டு எடுத்த மாதிரிதான் தெரியும், ஆனா எல்லாக் குழுவும் கலந்திருக்கும். 2022-ல தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகள்ல வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்துல அரும்பு, மொட்டு, மலர்னு நிலைவாரியா உக்கார வச்சோம் இல்லையா, எழுத்துப் பயிற்சிக்கு அது சரி. பாலம் கட்டுறதுக்கு மூணையும் கலந்துதான் ஆகணும். வாசிப்புல பின்னாடி இருக்கிற பிள்ளை மடிக்கிறதுல முன்னாடி நிக்கும். வகுப்பு அதப் பாக்கணும்.

அடுத்து வேலைப் பிரிவு. மடிக்கிறவங்க, அளக்கிறவங்க, வாஷர் வைக்கிறவங்க, எழுதுறவங்க. சட்டம் ஒண்ணே ஒண்ணு: மடிக்கிறவங்களத் தவிர யாரும் தாளத் தொடக்கூடாது, எழுதுறவங்களத் தவிர யாரும் குழுவோட பென்சிலத் தொடக்கூடாது. கை கட்டுப்பட்டா வாய் திறக்கும். "இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளி மடி", "இல்ல, அந்த ஓரம் கோணலா இருக்கு"ன்னு சொல்லித்தான் வேலை நடக்கும். மொழிப்பாட வகுப்புல வராத வாக்கியமெல்லாம் இங்க தானா வரும். எப்பவும் தானே முந்துற பிள்ளைக்கு எழுதுற வேலையக் குடுங்க. மத்தவங்க சொல்றதக் கேட்டு எழுதியாகணும். ஒவ்வொரு சுத்துக்கும் வேலைய மாத்திவிடுங்க. மூணு பேர் குழுவுல அளக்கிறவங்களே வாஷரும் வைக்கலாம்.

இப்ப பாலம். நாலு நாலு புத்தகமா ரெண்டு அடுக்கு, நடுவுல 20 செ.மீ. இடைவெளி. ஏ4 தாளோட நீளம் 29.7 செ.மீ., அதனால ரெண்டு பக்கமும் அஞ்சு செ.மீ. கிட்ட புத்தகத்து மேல உக்காரும். பெஞ்சு மேல வைக்காதீங்க, ஒரு முழங்கை பட்டா எல்லாம் போச்சு. தரைல வைங்க. அடுக்கு நிக்கிற இடத்தச் சுத்தி சாக்பீஸால கோடு போட்டுடுங்க, எடை ஏற ஏற புத்தகம் நகர்றது கண்ணுக்குத் தெரியாது. மின்விசிறிய நிறுத்திடுங்க.

முதல் சுத்துல தாள அப்படியே தட்டையா வைக்கணும். வைக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம் யாரும் பேசக்கூடாது. எத்தனை வாஷர் தாங்கும்னு அவங்கவங்க நோட்டுல தனியா எழுதட்டும். இத விட்டீங்கன்னா சத்தமா பேசுற பிள்ளை சொன்ன எண்ணுதான் நாலு நோட்டுலயும் இருக்கும். தட்டைத் தாள் கப் வைக்கும்போதே தொய்ஞ்சு உள்ள விழுந்துடும். விழட்டும். அடுத்த கேள்வி அங்கருந்துதான் வரும்: இதே தாள், வேற எதுவும் சேக்காம, தாங்கணும். என்ன பண்ணலாம்?

ரெண்டாவது சுத்துக்குப் புதுத் தாள். விசிறி மடிப்பு யாராவது சொல்லுவாங்க. அத கிட்டத்துல கவனிங்க. பிள்ளைங்க ஒரு ஓரத்துலருந்து முன்னும் பின்னுமா மடிச்சுக்கிட்டே போவாங்க. முதல் மடிப்பு ரெண்டு மி.மீ. சாஞ்சிருக்கும். அடுத்த மடிப்பு அதப் பாத்துத்தான் போகும். பத்தாவது மடிப்பு வரும்போது ஒரு முனை அகலம், மறுமுனை குறுகல். பாலம் முறுக்கிக்கும், கப் ஒரு பக்கமா சரியும். இதுக்குப் பாதி பாதியா மடிக்கிறது நல்ல வழி. நீளவாக்குல ரெண்டா மடி, பிரிக்காம நாலா, எட்டா, பதினாறா. நகத்தால நல்லா அழுத்தித் தேய்க்கணும். பிரிச்சா 21 செ.மீ. அகலத்துல 16 பட்டை, ஒவ்வொண்ணும் 1.3 செ.மீ. அந்தக் கோட்டு மேலயே ஒண்ணு மேல, ஒண்ணு கீழன்னு மாத்தி மடிச்சா விசிறி நேரா வரும். பாதி, கால், அரைக்கால், மாகாணின்னு பின்னப் பாடம் கைலயே இருக்கு, அன்னைக்கே கரும்பலகைல 1/2, 1/4, 1/8, 1/16 எழுதிடுங்க.

இன்னொரு தப்பு எல்லா வகுப்புலயும் நடக்கும்: மடிப்ப குறுக்குவாட்டுல போட்டுடுவாங்க. மடிப்புக்கோடு ஒரு அடுக்குலருந்து மறு அடுக்குக்கு ஓடணும். அப்பத்தான் பட்டை செங்குத்தா நின்னு எடைய வாங்கும். குறுக்கா போட்டா தாள் அந்தக் கோட்டுலயே மடங்கும். ஆனா நீங்க முந்திக்கிட்டு சொல்லிடாதீங்க. ஒரு குழுவுது நிக்குது, பக்கத்துக் குழுவுது விழுதுன்னா, எழுந்துபோய்ப் பாத்துட்டு வர அவங்களுக்கு ஒரு நிமிஷம் குடுங்க.

கப்ப நடுவுல வச்சு வாஷர ஒண்ணொண்ணா போடணும். ஒவ்வொண்ணுக்கும் அஞ்சு வரைக்கும் எண்ணி நின்னா அடுத்தது. எழுதுறவங்க நாலு கட்டம் போட்டிருக்கணும்: வடிவம், கணிப்பு, தாங்கினது, மடங்கின இடம். கடைசிக் கட்டம் ரொம்ப முக்கியம். "நடுவுல மடிப்பு விரிஞ்சு தட்டையாச்சு"ன்னு எழுதின குழு மூணாவது சுத்துல எத மாத்தணும்னு தெரிஞ்சுக்கிட்டுத்தான் உக்காரும். விரியாம இருக்க முனைல ஒட்டலாம், அடில ஒரு துண்டுத் தாள் ஒட்டலாம். அதுக்கு பசை நாலு பொட்டு, பாதித் தாள் கூடுதலா. அதுக்கு மேல வேண்டாம். 40 வாஷரும் போட்டு பாலம் நின்னுடுச்சுன்னா இடைவெளிய 24 செ.மீ. ஆக்குங்க.

நேரக்கணக்கு இப்படி: பொருள் குடுக்க 5 நிமிஷம், தட்டைத் தாளுக்கு 5, மடிக்க 10, திருத்திக் கட்ட 12, பேச 8. அந்த எட்ட வெட்டாதீங்க. குழுவுக்குக் குழு போட்டி வைக்கவும் வேண்டாம். ரெண்டாவது சுத்துக்கும் மூணாவது சுத்துக்கும் அவங்க பாலத்துல என்ன வித்தியாசம்னு மட்டும் சொல்லட்டும். இன்னும் முடிக்கலையான்னு கேக்காதீங்க, ஏன் அந்த இடத்துல மடங்குச்சுன்னு கேளுங்க.

இதே முறை வாசிப்புப் பாடத்துக்கும் ஒத்துவரும். 1971-ல அமெரிக்காவுல ஆஸ்டின் நகரத்துல, பள்ளிகள்ல இனப்பிரிவினை நீங்கி எல்லாப் பிள்ளைங்களும் ஒரே வகுப்புல வந்து உக்காந்த நேரம். வகுப்புக்குள்ள ஒட்டுதல் இல்ல, சண்டை. எலியட் ஆரன்சன்ங்கிற உளவியலாளர் பாடத்தத் துண்டு போட்டு ஆளுக்கு ஒரு துண்டா குடுத்தார். மத்தவங்க துண்டக் கேக்காம முழுப்பாடம் யாருக்கும் தெரியாது. ஜிக்சா முறைன்னு பேரு. நீர்ச்சுழற்சிய எடுத்துக்குங்க: ஆவியாகுறது, மேகமாகுறது, மழை, நிலத்தடி நீர். ஒவ்வொண்ணும் அஞ்சு வரிக்கு மேல வேண்டாம். ஒரே துண்டு வந்தவங்க முதல்ல கூடிப் பேச 10 நிமிஷம். 30 பேர்ல ஒரு துண்டுக்கு ஏழெட்டுப் பேர் வருவாங்க, அத ரெண்டாப் பிரிச்சுடுங்க. அப்புறம் அவங்கவங்க குழுவுக்குத் திரும்பிப் போய் ஆளுக்கு மூணு நிமிஷம் சொல்லணும். மூணு பேர் குழுவுல மேகமும் மழையும் ஒருத்தருக்கே. சொல்லும்போது தாளக் கவுத்து வைக்கச் சொல்லுங்க, இல்லன்னா வாசிச்சுக் காட்டிட்டு உக்காந்துடுவாங்க.

பாலம் முடிஞ்சதும் மடங்கின தாளக் குப்பைல போடாதீங்க. உடைஞ்ச இடத்துல சிவப்புக் கிரேயான்ல வட்டம் போட்டு, குழுவுல எல்லார் பேரும் எழுதி, பிள்ளைங்க கண் உயரத்துல சுவத்துல ஒட்டுங்க. வாஷர எண்ணி வாங்கிக்குங்க, குழுவுக்கு 40.