ஒரே எழுத்து, இரண்டு ஒலி

பெற்றோர்களே, ஆசிரியர்களே, வணக்கம். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்து ஆள் கணக்கெடுப்புக்கு, போகவேண்டியவர்கள் இந்த மண்டபத்தில் நிறைய பேர் இருக்கிறீர்கள். பிள்ளைகளுக்கு ஆங்கில வாசிப்பு ஏன் தடுக்குகிறது என்ற விஷயத்துக்கு நேரே வருகிறேன்.

நம் மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டப் பிள்ளை முதலாம் ஆண்டில் மூன்று மொழி படிக்கிறது. எழுத்து வகை இரண்டுதான். தமிழுக்குத் தனி எழுத்து, மலாய்க்கும் ஆங்கிலத்துக்கும் ஒரே ரூமி, அதாவது ஆங்கில எழுத்து. சிக்கல் அங்கேதான். மலாயில் 'ஸி' என்ற எழுத்து வந்தால் 'ச' என்று படிக்கவேண்டும்: சாவான் (கோப்பை), சிச்சாக் (பல்லி). அதே பழக்கத்தில் ஆங்கிலப் பூனையைப் பிள்ளை 'சாட்' என்று வாசிக்கிறது. மலாய் 'சத்தே'யில் கடைசி 'இ' ஒலிக்கும், ஆங்கில 'நைன்'னில் அது ஊமை. ஆகவே 'நைன்', 'நீனே' ஆகிறது. எழுதும்போதும் இப்படித்தான். கேக்கைக் கே-இ-கே என்று எழுதும், பஸ்ஸில் 'யூ'வுக்குப் பதில் 'ஏ' போடும். டாக்ஸி, டயர், போலீஸ் எல்லாம் மலாய் அச்சிலேயே வரும். பட்டணத்துப் பலகைகளில் பார்ப்பதைத்தானே எழுதுகிறது! இதை மந்தம் என்று சொல்லாதீர்கள். கற்ற விதியை ஒழுங்காகப் பயன்படுத்துகிற பிள்ளை அது.

இரண்டு மொழிக்கும் இரண்டு நிற எழுத்து அட்டை வையுங்கள். மலாய்க்குச் சிவப்பு, ஆங்கிலத்துக்கு நீலம். ஒரே வேளையில் இரண்டையும் கலக்கவேண்டாம். எழுத்தின் பெயரைச் சொல்லிக் கூட்டவிடாமல், ஒலியைச் சொல்லிக் கூட்டவிடுங்கள். எஸ், ஏ, டி, பி, ஐ, என் (s, a, t, p, i, n) ஆகிய ஆறு எழுத்தின் ஒலிகளே தொடக்கத்துக்குப் போதும். அவற்றை வைத்தே 'பின்', 'டின்', 'பேன்', 'சிட்' என்று பல சொற்கள் வாசிக்கலாம்.

வீட்டில் பலர் செய்கிற ஒரு காரியத்தை நிறுத்தவேண்டும்: ஆங்கிலச் சொல்லின் மேல் தமிழில் உச்சரிப்பு எழுதித் தருவது. தட்டுவதும், பந்தடிக்கும் மட்டையும், திண்டும், 'கெட்ட' என்பதும் ஆங்கிலத்தில் நான்கு வெவ்வேறு சொற்கள். தமிழில் எழுதினால் நான்கும் 'பேட்'தான். நம் எழுத்தில் வல்லினத்துக்குக் கனத்த ஒலி, மெலிந்த ஒலி என்று தனித்தனி வடிவம் இல்லை. இதைக் காதாலும் தொண்டையாலும்தான் கற்கவேண்டும். மெல்லிய காகிதத் துண்டை உதட்டுக்கு நான்கு விரல் முன்னால் பிடித்து, தட்டுகிற 'பேட்'டைச் சொன்னால் காகிதம் ஆடும். மட்டை 'பேட்'டுக்கு அவ்வளவாக ஆடாது. 'எஃப்' வராத பிள்ளையை மேல்பல்லைக் கீழுதட்டில் வைத்து ஊதச் சொல்லுங்கள்.

வாக்கியத்துக்கு வந்தால் மலாயும் தமிழும் கைகொடுக்கும். 'சாயா மாக்கான் நாசி' (நான் - சாப்பிடு - சோறு) என்ற வரிசைதான் ஆங்கிலத்துக்கும். ஆனால் 'மாக்கான்' நேற்றைக்கும் நாளைக்கும் மாறாது. காலத்துக்குத் தமிழைக் காட்டுங்கள்: தின்றான், தின்கிறான், தின்பான். ஆண், பெண் வேறுபாட்டுக்கும் தமிழே துணை, மலாயின் 'டியா' அவன், அவள் இரண்டுக்கும் ஒன்றுதான். 'இஸ்', 'ஆர்' மட்டும் இரண்டு மொழியிலும் ஆதரவில்லாதவை. 'அவன் மாணவன்' என்று சொல்லிப் பழகிய பிள்ளை அதை விட்டுவிடத்தான் செய்யும். அதற்குத் தினமும் வாய்ப்பயிற்சி வேண்டும்.

ஆறாம் ஆண்டு முடிவில் பிள்ளை ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோலில் 'ஏ2' என்ற அடிப்படை நிலையை எட்டவேண்டும் என்பது நாட்டின் இலக்கு. ஆறாம் ஆண்டு அரசுத் தேர்வான யூ.பி.எஸ்.ஆர். 2021இல் ஒழிந்துவிட்டது. நாம் கவனிக்காவிட்டால், குறை இடைநிலைப்பள்ளியின் முதல் ஆண்டான படிவம் ஒன்றில் வெளிச்சத்துக்கு வரலாம், அப்போது தாமதம். ஆசிரியரிடம் வாசிப்பின் தேர்ச்சி நிலையைத் தனியாகக் கேளுங்கள்.

வீட்டில் இரவு பத்து நிமிடம், புதிதாக ஐந்து சொல், அதற்குமேல் வேண்டாம். படத்தை மூடிவிட்டு வாசிக்கச் சொல்லுங்கள். படம் பார்த்து ஒப்பிப்பது வாசிப்பு ஆகாது. வாரக் கடைசியில் 'மிப்', 'டெஸ்', 'நாப்' போல அர்த்தமில்லாத மூன்று சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதிக் காட்டுங்கள். எங்கும் பார்த்திராத அவற்றையும் கூட்டி வாசித்தால், பிள்ளை வாசிக்கத் தொடங்கிவிட்டது. தடுக்கினால், எந்த ஒலியில் தடுக்கியதோ அந்த அட்டையை அடுத்த வாரம் மறுபடி எடுங்கள்.