மதிக்காதவர்களை விலக்கிவிடலாமா?

உப்புவெளியில் இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார்: "எங்களை மதிக்காதவர்களை விலக்கிவிட வேண்டும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். அப்படிக் கணக்குப் பார்த்தால் எனக்கு ஒருவரும் மிஞ்ச மாட்டார்கள் போல இருக்கிறது. உறவுகளுக்கு எதைக் கொள்கையாகப் பிடித்துக்கொள்வது ஐயா?"

வாசிக்கும்போது சிரிப்பு வந்தது. ஆனால் கேள்வி பகிடி இல்லை.

வள்ளுவர் நட்புக்கு ஐந்து அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்திருக்கிறார். 79 நட்பு, 80 ஆராய்ந்து சேர்வது. 82, 83 இரண்டும் கெட்ட சகவாசம். நடுவில் 81, பழைமை. இதைத்தான் நாங்கள் தாண்டிப் போய்விடுகிறோம். நெடுநாள் பழகியவர் உரிமையில் ஏதாவது செய்துவிட்டால் பொறுத்துக்கொள்வதுதான் பழைமை. மனம் நோகிற மாதிரி நடந்தாலும், ஒன்றில் அறியாமை, இல்லாவிட்டால் மிஞ்சிய உரிமை என்று எடுத்துக்கொள் என்கிறது 805ஆம் குறள்.

எனக்குக் கிண்ணியாவில் ஒரு கூட்டாளி. 2009இல் பாலம் திறக்கும் வரைக்கும் பாதையில் ஏறித்தான் இந்தத் திருகோணமலைப் பக்கம் வரவேண்டும். (வெளியூர்க்காரருக்குச் சொல்கிறேன், பாதை என்றால் ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றுகிற மிதவை.) சொன்ன நேரத்துக்கு வராதவன் என்னை மதிக்காதவன், இதுதான் அப்போது என் கொள்கை. என் தங்கையின் கலியாணத்துக்குத் தாலி கட்டி முடிந்த பிறகு வந்தான். இரண்டு மாதம் அவனோடு கதைக்கவில்லை.

பிறகு அவனுடைய வாப்பா மௌத்தாகிவிட்டார். செய்தி கேட்டதும் ஓடினேன். பாதை அக்கரையில் நின்றது. வெயிலில் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து நின்றேன். போய்ச் சேரும்போது அடக்கம் முடிந்துவிட்டது. வாசலில் என் கையைப் பிடித்து அவன் கேட்டது ஒன்றுதான்: "கனநேரம் வெயிலில் நின்றாயா மச்சான்?"

அதற்குப் பிறகு, ஒருவரை அளக்கிற கோலால் முதலில் என்னை அளந்து பார்ப்பேன். தங்கச்சி, நீங்களும் அந்தக் கணக்கில் உங்கள் பெயரையும் எழுதிப் பாருங்கள்.

சரி, கை நீட்டி அடிக்கிறவர், பொய் சொல்லிக் காசு வாங்குகிறவர்? அது உரிமை இல்லை. அவர்களுக்குத்தான் 82 இருக்கிறது, தயங்காமல் விலகுங்கள்.

பாலம் வந்து இத்தனை வருடமாகிவிட்டது. என் கூட்டாளி இன்னமும் பிந்தித்தான் வருகிறான். இப்போது என்ன சாட்டு என்று கேட்டால் சிரிக்கிறான்.