கட்டியை எடுத்தாச்சு, அப்புறம் எதற்குக் கரண்ட்?

நேயர்களுக்கு வணக்கம். "கட்டியை முழுசா எடுத்தாச்சுன்னு ஆபரேஷன் பண்ணின டாக்டர் சொன்னாரே, அப்புறம் எதுக்கு என் பிள்ளைக்குக் கரண்ட்?" கதிர்வீச்சுப் பிரிவில் என் எதிரே வந்து உட்காரும் பெற்றோர் பலரும் முதலில் கேட்பது இதைத்தான். கரண்ட் என்று அவர்கள் சொல்வது கதிர்வீச்சு சிகிச்சையை.

குழந்தைகளுக்குத் தசை போன்ற மென்திசுக்களில் வரும் புற்றுநோய்களில் அதிகம் காணப்படுவது ராப்டோமயோசார்கோமா. தசையாக வளர வேண்டிய இளம் செல்கள் தடம் மாறிக் கட்டியாகிவிடுவது என்று புரிந்துகொண்டால் போதும். கண்குழி, கழுத்து, சிறுநீர்ப்பை, கை, கால் என்று பல இடங்களில் வரலாம்.

வெட்டியெடுத்த கட்டி ஆய்வகத்துக்குப் போனதும் அதன் வெளிப்பரப்பில் மை பூசுவார்கள். பிறகு மெல்லிய சீவல்களாக அறுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். புற்றுச் செல் அந்த மையைத் தொட்டுக்கொண்டிருந்தால், கத்தி போன பாதையின் மறுபக்கத்திலும், அதாவது பிள்ளையின் உடம்பிலும், அதே செல்கள் தங்கியிருக்கக்கூடும். ஆபரேஷன் செய்தவர் உங்களிடம் சொன்னது பொய்யில்லை. கண்ணுக்குத் தெரிந்ததை அவர் முழுசாக எடுத்துவிட்டார். தெரியாததை அழிக்கத்தான் கதிர்வீச்சு. கீமோவை மட்டும் நம்பி விட்டுவிட்டால், கட்டி பழைய இடத்திலேயே திரும்பும் ஆபத்து அதிகம்.

எல்லாப் பிள்ளைக்கும் இது தேவையா? இல்லை. 1972இல் அமெரிக்காவில் பல மருத்துவமனைகள் சேர்ந்து இந்த நோய்க்கென ஓர் ஆய்வைத் தொடங்கின. கட்டி துளியும் மிச்சமில்லாமல் அகற்றப்பட்டுக் கீமோவும் பெற்ற குழந்தைகளுக்குக் கதிர்வீச்சால் கூடுதல் பலன் இல்லை என்று அதில் தெரிந்தது. அல்வியோலார் என்ற முரட்டு வகைக்கு மட்டும், முழுதாக எடுத்தாலும் கதிர்வீச்சு வேண்டும் என்பது பிறகு புரிந்தது. அதனால் "வேண்டாம்" என்று மருத்துவர் சொன்னாலும் அதற்கும் காரணம் இருக்கிறது.

கதிர்வீச்சின் அளவைக் கிரே என்ற அலகில் சொல்வோம். விளிம்பில் நுண்ணிய மிச்சம் இருந்தால் வழக்கமாக 36 கிரே. நாளுக்கு 1.8 வீதம் 20 நாள். திங்கள் முதல் வெள்ளி வரை, நான்கு வாரம். கண்ணுக்குத் தெரியும் கட்டி மிஞ்சியிருந்தால் 50.4 கிரே, 28 நாள். கரண்ட் என்று நாம் சொன்னாலும் இது மின்சாரம் இல்லை. எக்ஸ்ரே போன்ற கதிர்தான், வலிக்காது. மெஷினுக்கடியில் படுப்பது சில நிமிடங்கள்தான். ஆனால் அசையக் கூடாது. மூன்று வயதுப் பிள்ளையை அசையாமல் படு என்றால் நடக்குமா? அதனால் சின்னப் பிள்ளைகளுக்குத் தினமும் மயக்க மருந்து, அதற்காகத் தினமும் காலையில் வெறும் வயிறு. பசித்து அழும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடைக்கூடத்தில் உலாத்தும் அம்மாக்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு கனக்கும். உங்கள் பிள்ளையை முதல் ஆளாகக் கூப்பிடச் சொல்லிக் கேளுங்கள், தயங்காதீர்கள்.

சிகிச்சை முடிந்து வரும் குழந்தையின் உடம்பில் கதிர் தங்காது. தம்பி தங்கை பக்கத்தில் படுக்கலாம், மடியில் வைத்துக் கொஞ்சலாம்.

மறைக்க முடியாத ஒன்றும் உண்டு. கதிர் பட்ட எலும்பின் வளர்ச்சி குறையும். முதுகெலும்பில் ஒரு பக்கம் மட்டும் பட்டால், வளர வளர முதுகு கோணிவிடும். அதனால் அந்த எலும்பின் முழு அகலத்துக்கும் ஒரே சீராகக் கொடுப்போம். 2019 முதல் சென்னையில், எக்ஸ்ரே போன்ற கதிருக்குப் பதிலாகப் புரோட்டான் என்ற நுண்துகளைச் செலுத்தும் புரோட்டான் சிகிச்சையும் இருக்கிறது. புரோட்டான் குறித்த ஆழத்தில் நின்றுவிடுவதால் பின்னாலுள்ள உறுப்புகள் தப்பிக்கும். ஆனால் அது கிடைக்கவில்லையே என்று ஏங்கி நாளைக் கடத்தாதீர்கள். வழக்கமான மெஷினிலும் பிள்ளைகள் குணமாகிறார்கள்.

என்னை அதிகம் வருத்துவது பாதியில் நின்றுபோகும் பிள்ளைகள்தான். பத்து நாள் ஆனதும் தோல் கறுக்கும், வாய் புண்ணாகும், கையில் காசும் தீரும்; ஊருக்குப் போய்விடுவார்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் கதிர்வீச்சுக்கும் இடமுண்டு. ரயிலில் நோயாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் கட்டணச் சலுகை உண்டு. போகலாமா என்று தோன்றினால், பெட்டியைக் கட்டுவதற்கு முன் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

சிகிச்சை முடிந்த அன்று, எந்த இடத்தில் எத்தனை கிரே கொடுத்தோம் என்று எழுதிய தாள் ஒன்று தருவார்கள். இருபது வருடம் கழித்தும் ஒரு மருத்துவர் அதைக் கேட்கலாம். பிள்ளையின் ஜாதகம் இருக்கும் பெட்டியிலேயே அதையும் வையுங்கள். நன்றி, வணக்கம்.