குப்பையைக் கொட்டிய இடம், இப்போது பீச்: ஃபோர்ட் பிராக்கின் கதை

[காட்சி: ஈரக் கையில் ஒரு பிடி வண்ணக் கற்கள்]

கையில் இருப்பது கூழாங்கல் இல்லை. உற்றுப் பாருங்கள். அந்தப் பழுப்பு, யாரோ குடித்துவிட்டுப் போட்ட பீர் பாட்டிலாக இருக்கலாம். அந்தச் சிவப்பு கிடைப்பது அபூர்வம், பழைய காரின் பின்பக்க விளக்கு என்கிறார்கள். கலிபோர்னியாவில், சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே, ஃபோர்ட் பிராக் என்கிற சின்ன ஊரில் இருக்கிறது இந்தக் கடற்கரை. பெயரே கிளாஸ் பீச்.

வாசலில் கடல் இருந்தும், அதன் பெரும்பகுதியை ஊர்க்காரர்கள் நூறு வருஷத்துக்கு மேல் வேலிக்கு இந்தப்பக்கம் நின்றுதான் பார்த்தார்கள். காரணம், மரம்.

1857-ல் ராணுவம் இங்கே ஒரு முகாம் போட்டது, போமோ முதலான பழங்குடி மக்களைக் கொண்டுவந்து வைத்திருந்த ஒதுக்கீட்டு நிலத்துக்குக் காவலாக. ஊரின் பெயரில் உள்ள 'ஃபோர்ட்' அதுதான். சில வருஷங்களில் ராணுவம் கிளம்பிவிட, 1885-ல் சி. ஆர். ஜான்சன் என்பவர் மர மில்லோடு வந்தார். 1889-ல் ஊர் நகராட்சி ஆனபோது முதல் மேயர் யார்? அவரேதான்! அறுத்தது ரெட்வுட் மரம். நம்ம செம்மரம் என்று நினைத்துவிடாதீர்கள், இது வேறு, அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரம்.

[காட்சி: பழைய கறுப்பு வெள்ளைப் படம், மில், புகைபோக்கி]

1906-ல் பெரிய நிலநடுக்கம். சான் பிரான்சிஸ்கோ இடிந்து, எரிந்தும் போனது, ஃபோர்ட் பிராக்குக்கும் நல்ல அடி. ஆனால் எரிந்த நகரத்தைத் திரும்பக் கட்ட மரம் வேண்டுமே, மில்லுக்கு வேலை குவிந்தது. அதே வருஷம்தான் ஊர்க் குப்பையை மில் கம்பெனி நிலத்தின் பாறை விளிம்பிலிருந்து கடலுக்குள் தள்ள ஆரம்பித்தார்கள். அப்போது பல கடலோர ஊர்களில் இதுதான் வழக்கம், யாரும் தப்பாக நினைக்கவில்லை.

பாட்டில், பீங்கான், அடுப்பு, ஓடாத கார் வரைக்கும் உள்ளே போனது. மேடு ரொம்ப உயர்ந்தால் தீ வைத்துக் குறைப்பார்கள். ஒரு இடம் நிறைந்ததும் 1943-ல் பக்கத்து இடம், அதுவும் நிறைந்து 1949-ல் மூன்றாவது இடம். இன்று எல்லோரும் படம் எடுக்கிற கிளாஸ் பீச் அந்த மூன்றாவதுதான். உள்ளூரில் அதற்கு 'தி டம்ப்ஸ்' என்று பெயர்.

1967-ல் கொட்டுவதை நிறுத்தினார்கள். பெரிய இரும்புச் சாமான்களை அப்புறம் அள்ளி எடுத்துப் போனார்கள், மக்குவது மக்கிவிட்டது. கண்ணாடியை யார் பொறுக்குவது? அலை உருட்டி உருட்டி, கூரான முனையெல்லாம் மழுங்கி, பால் பூத்த மாதிரி மேல்பக்கம் மங்கிப்போனது. குப்பையில் கிடந்தாலும் குன்றிமணி நிறம் மாறாது என்போம், இங்கே குப்பையில் கிடந்ததால்தான் மதிப்பே வந்தது.

2002-ல் இரண்டு விஷயம் நடந்தது. மில்லை மூடினார்கள், ஊருக்குப் பெரிய இடி அது. அதே வருஷம் கிளாஸ் பீச்சைச் சேர்ந்த 38 ஏக்கரை வாங்கி மெக்கெரிச்சர் மாநிலப் பூங்காவோடு சேர்த்தார்கள். பிற்பாடு மில் நிலத்தின் கடலோரத்திலும் நடைபாதை வந்தது, வேலி விலகியது. வேலையும் போய்விட்டதே என்று கேட்டால், ஆமாம், இரண்டும் சேர்ந்தேதான் நடந்தது.

[காட்சி: குனிந்து பொறுக்கும் கூட்டம்]

பூங்காவுக்குள் கண்ணாடியை எடுக்கக் கூடாது. எடுக்கிறார்கள். போதாததற்குக் கடலும் விடாமல் அரைத்துப் பொடியாக்குகிறது. புதுசாகக் கொட்டுவாரும் இல்லை, அதனால் பழைய படங்களில் பார்த்த அளவு இப்போது கிடையாது. பீச்சைக் காப்பாற்ற மறுபடியும் கண்ணாடி கொட்டலாம் என்றுகூட ஊரில் யோசனை சொன்னார்கள்.

அனுமதி கிடைக்கவில்லை.